அப்பாவுக்காக யார் கையெழுத்துப் போடுவது? ஓடிபி, பவர் பத்திரம், மருத்துவ உயில்: எது எப்போது கைகொடுக்கும்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த இரவு. ஐசியூ வாசலில் அம்மா, தம்பி, நான். உள்ளேயிருந்து வந்த டாக்டர் இரண்டே கேள்விதான் கேட்டார். ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா? கடைசியாக எக்கோ எப்போது எடுத்தீர்கள்? இரண்டுக்கும் பதில் அப்பாவின் ஃபோனில் இருந்தது. அவர் வழக்கமாகக் காட்டும் வேறொரு ஆஸ்பத்திரியின் ஆப்பில் எல்லா ரிப்போர்ட்டும் உண்டு. ஆனால் ஆப்பைத் திறக்க ஓடிபி வேண்டும், ஓடிபி அந்த ஃபோனுக்குத்தான் வரும், ஃபோன் அவர் கைரேகைக்குத்தான் திறக்கும்.

"அப்பா விரலை வைத்துத் திறந்துடலாமா?" என்றான் தம்பி. நர்ஸ் எங்களைப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. ட்ரிப் ஏறிக்கொண்டிருந்த கையின் கட்டைவிரலை ஈரத்துணியால் துடைத்து ஃபோன் மீது வைத்தோம். மூன்றாவது முறை திறந்தது. மாத்திரையின் பெயர் கிடைத்தது. அப்பா கண் திறக்கவே இல்லை.

அந்த ராத்திரிக்கு அது உதவியது, மறுக்கவில்லை. பத்து நாள் கழித்து அவரை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்ற முழு கேஸ் ஷீட் கேட்டபோது, ரெக்கார்ட்ஸ் பிரிவில் இருந்தவர் "பேஷண்ட் கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் அவர் எழுதிக் கொடுத்த லெட்டர் வேண்டும்" என்றார். அவர் செய்தது தவறில்லை. எங்களிடம்தான் எந்தக் காகிதமும் இல்லை.

அதற்குப் பிறகு வயதான பெற்றோர் உள்ள நண்பர்கள் பலரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: பவர் எழுதி வாங்கினால் போதுமா, லிவிங் வில் எனப்படும் மருத்துவ உயில் எழுத வேண்டுமா, ஆபா என்ற டிஜிட்டல் மருத்துவ எண்ணில் சேர்த்துவிட்டால் சரியாகிவிடுமா? நான் படித்தும் அலைந்தும் தெரிந்துகொண்டதை இங்கே வைக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் இன்று பதிவையும் திறந்து, சிகிச்சை முடிவையும் நம் கையில் தருகிற ஒற்றைக் காகிதம் கிடையாது.

## பெற்ற பிள்ளை என்பதே போதாதா?

போதாது. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன டெல்லி வழக்கு ஒன்று. 44 வயதுப் பெண் ஒருவர் பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டுப் படுத்திருந்தார். வெளியே காத்திருந்த அவர் தாயிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு டாக்டர் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார். அந்தச் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். மகள் வயது வந்தவர், மயக்கம் தெளிந்ததும் தானே முடிவு சொல்லக்கூடியவர், உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை. அப்படியிருக்க தாயின் கையெழுத்து மகளின் கையெழுத்தாகாது.

ஐசியூ வாசலில் பிள்ளைகளிடம் வாங்கும் கையெழுத்துகள் பெரும்பாலும் பழக்கத்தால் நடப்பவை. உயிர் போகும் அவசரத்தில் டாக்டர் யார் சம்மதமும் இல்லாமல் சிகிச்சை தரலாம், அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. சிக்கல் அவசரம் முடிந்த பிறகு வரும் வாரங்களில்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

ஒவ்வொரு வழியிடமும் நான் கேட்டவை இவை. நோயாளிக்கு நினைவு தப்பிய பிறகும் அது செல்லுமா? பதிவைப் பார்க்க மட்டுமா, சிகிச்சைக்குச் சரி அல்லது வேண்டாம் என்று சொல்லவுமா? பணமும் அலைச்சலும் எவ்வளவு? மனம் மாறினால் திரும்பப் பெற முடியுமா?

கடைசியாக ஒன்று, பலரும் கேட்க மறப்பது: அவர் யாருக்கும் காட்ட விரும்பாத பக்கத்தை அது காப்பாற்றுமா? நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் அந்தரங்கம் உண்டு. மனநல மாத்திரை, பழைய குடிப்பழக்கம், கலைந்த கர்ப்பம் எல்லாம் அதே ஃபைலில்தான் இருக்கின்றன.

## ஃபோனும் ஓடிபியும்

முக்கால்வாசி வீடுகளில் நடப்பது இதுதான். அம்மாவின் ஆபா கணக்கு மகனின் ஃபோன் நம்பரில், ஆஸ்பத்திரி ஆப்பின் பாஸ்வேர்டு மகளிடம். செலவு இல்லை, வேலை வேகமாக நடக்கும், நினைவு தப்பினாலும் திறக்கும்.

ஆபா என்பது 2021 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்க எண். பதிவுகள் ஒரே இடத்தில் குவிவதில்லை, அந்தந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்கும். வேறொருவர் பார்க்க வேண்டுமானால் எந்தப் பதிவு, எந்தக் காலத்துக்கு என்று நோயாளியிடம் ஆப்பில் அனுமதி கேட்கப்படும். எனக்குப் பிடித்த அமைப்பு இது. அம்மா தன் இதய ரிப்போர்ட்டை மட்டும் காட்டி, மற்றதை மூடி வைக்கலாம். ஆனால் ஓடிபி மகனிடம் இருக்கும்போது அந்தப் பூட்டுக்குப் பொருளே இல்லை. அவன் அழுத்தும் ஒவ்வொரு 'சரி'யும் அம்மா அழுத்தியதாகவே பதிவாகும். பின்னாளில் அண்ணன் தம்பிக்குள் வாக்குவாதம் வந்தால், யார் எதைப் பார்த்தார், யார் அனுமதித்தார் என்று பிரித்துக் காட்ட வழியில்லை. அப்பாவின் விரலை வைத்துத் திறந்த நாங்களும் அப்படித்தான். அவர் பெயரில் நாங்கள் நுழைந்தோம்.

இந்தத் திட்டத்துக்கென 2020 டிசம்பரில் வந்த சுகாதாரத் தரவு மேலாண்மைக் கொள்கையில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. நோயாளி சம்மதம் தர முடியாத அளவுக்கு நோயில் விழுந்தால் அவர் நியமித்த நாமினி தரலாம், நாமினி இல்லையென்றால் குடும்பத்தில் வயது வந்த ஒருவர் தரலாம். ஆனால் அது கொள்கை, நாடாளுமன்றச் சட்டம் இல்லை. திட்டத்தில் சேராத ஆஸ்பத்திரியிடம் அதைக் காட்டிப் பயனில்லை.

மாத்திரைப் பட்டியல், சர்க்கரை அளவு, அடுத்த அப்பாயின்ட்மென்ட் போன்ற அன்றாட வேலைக்கு, பெரியவர் தெளிவாக இருந்து தானே பாஸ்வேர்டைத் தந்திருந்தால், ஓடிபி போதும்.

## கையால் எழுதிய ஒப்புதல் கடிதம்

இருப்பதிலேயே மலிவானது, யாரும் கண்டுகொள்ளாததும் இதுதான். மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகளின்படி நோயாளியோ, அவர் அதிகாரம் கொடுத்த உடனிருப்பவரோ பதிவைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உள்நோயாளியின் பதிவைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில்தான். ஆஸ்பத்திரியில் அட்டெண்டர் என்று நம்மைக் கூப்பிடுகிறார்களே, அந்த அட்டெண்டருக்கு அதிகாரம் தருவது நோயாளியின் ஒரு வரி எழுத்து. ரெக்கார்ட்ஸ் பிரிவில் எங்களிடம் கேட்ட லெட்டர் இதுதான்.

வெள்ளைத்தாள் போதும். பெயர், உறவு, எந்த ஆஸ்பத்திரிப் பதிவுகள், எவை கூடாது, தேதி, கையெழுத்து, அடையாள அட்டை நகல். "நான் பேச முடியாத நிலையிலும் இந்த ஒப்புதல் தொடர வேண்டும் என்பது என் விருப்பம்" என்ற வரியையும் சேருங்கள். அந்த வரியைச் சட்டக் கட்டாயம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ரெக்கார்ட்ஸ் பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் அப்பாவின் மனசு என்ன என்பது எழுத்தில் தெரியும், பெரும்பாலும் அதுவே வேலையை முடித்துவிடும். இந்தக் கடிதத்தால் முடியாதது ஒன்று: சிகிச்சை முடிவு எதையும் உங்கள் கையில் தராது.

## பவர் பத்திரம்

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். வங்கிக்கும் வீட்டு விற்பனைக்கும் பவர் எழுதி வாங்குவது நமக்குப் பழகிப்போன விஷயம். "அப்பா எல்லாத்துக்கும் எனக்கு பவர் கொடுத்திருக்கார்" என்று ஆஸ்பத்திரியில் பத்திரத்தை நீட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 201 ஆம் பிரிவு சொல்கிறது: அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலோ, சித்த சுவாதீனம் இழந்தாலோ அந்த முகவர் உறவு முடிந்துவிடும். அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் நினைவு தப்பிய பிறகும் செல்லும் நீடித்த பவருக்கென்று தனிச் சட்டம் உண்டு. சிங்கப்பூரில் இருக்கும் உறவினர் "நாங்கள் எல்பிஏ எழுதிவிட்டோம், நீங்களும் எழுதுங்கள்" என்று இந்த நீடித்த பவரைச் சொன்னால் அது அவர்கள் நாட்டுக்குச் சரி. இங்கே அதே மாதிரி வாசகம் எழுதி முத்திரைத்தாளில் பதிந்தாலும், தேவைப்படுகிற அன்றுதான் அது உயிரை விடும்.

முத்திரைத்தாள், வக்கீல் ஃபீஸ், பத்திரப்பதிவு அலுவலக அலைச்சல் எல்லாம் போக, பாதுகாப்பு இருக்கிறது என்ற தப்பான நம்பிக்கையில் மற்ற காகிதங்களை எழுதாமல் விட்டுவிடுகிறோமே, பெரிய நஷ்டம் அதுதான். அப்பா தெளிவாக இருந்து, நடக்க மட்டும் முடியாமல், ஆஸ்பத்திரி பில்லும் இன்சூரன்ஸ் வேலையும் வங்கி வேலையும் நீங்கள் பார்க்க வேண்டியிருந்தால் பவர் நல்ல கருவி.

## மருத்துவ உயில்

லிவிங் வில் என்று பேப்பரில் வருவது இது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையின் பகுதி என்று சொல்லி இதற்கு வழி திறந்தது. ஆனால் அப்போது வைத்த நடைமுறையில் ஜுடீசியல் மாஜிஸ்திரேட் முன்னால் கையெழுத்து வேண்டும் என்றிருந்தது. சாதாரண மனிதன் கோர்ட்டு வாசலில் போய் "நான் எப்படிச் சாக வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்" என்று நிற்பானா? 2023 ஜனவரி 24 அன்று அதைத் தளர்த்தினார்கள். இப்போது இரண்டு சாட்சிகள், முடிந்தவரை வெளியாட்கள், அதன்பின் ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் ஆபீசர். அவர் கையெழுத்து போதும்.

இதில் ஒன்றுக்கு மேற்பட்ட நெருங்கிய உறவினரையோ பாதுகாவலரையோ பெயர் சொல்லி நியமிக்கலாம். ஒரு பிரதி அவர்களுக்கும் குடும்ப டாக்டருக்கும் போக வேண்டும், இன்னொன்று உள்ளாட்சியில் இதற்கென நியமிக்கப்படும் அதிகாரியிடம் இருக்க வேண்டும். எழுதியவர் விரும்பினால் தன் டிஜிட்டல் மருத்துவப் பதிவில் இந்த உயிலையே சேர்த்துவிடலாம் என்றும் அந்த 2023 உத்தரவு சொல்கிறது. டாக்டர்கள் அங்கேயே அது உண்மையானதா என்று சரிபார்த்துக்கொள்ளலாம். மகனிடம் இருக்கும் பிரதி தொலைந்தாலும், மகன் மறைத்தாலும், அப்பாவின் சொல் அவர் ஃபைலோடு நடந்து வரும்.

இதன் எல்லை குறுகலானது. குணமாகும் நம்பிக்கை இல்லாத நோய், உயிரைத் தாங்கிப் பிடிக்கும் சிகிச்சை, அதை வேண்டாம் என்பதா நிறுத்துவதா என்ற முடிவு, அவ்வளவுதான். பைபாஸ் செய்வதா வேண்டாமா, எந்த ஆஸ்பத்திரி என்பதற்கெல்லாம் இது பேசாது. அந்த முடிவும் உடனே அமலாவதில்லை. சிகிச்சை தரும் டாக்டரும் குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் அடங்கிய முதல் குழு, அதன்பின் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவர் இருக்கும் இரண்டாவது குழு. இரண்டும் முடிந்தவரை 48 மணி நேரத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். நிறுத்துவதற்கு முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போக வேண்டும். ஐசியூவில் காத்திருக்கும் குடும்பத்துக்கு 48 மணி நேரம் நீளமானதுதான். ஆனால் இந்த முடிவில் அவசரம் கூடாது என்றே நினைக்கிறேன்.

எழுதும்போது உடன்பிறந்தவர்களைக் கூட்டி உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். உயிலில் பெயர் வராத மகள், "அப்பாவைச் சாகடிக்க எழுதி வாங்கிட்டியா" என்று ஐசியூ வாசலில் கேட்டால் அந்த வார்த்தை ஆயுளுக்கும் ஆறாது.

மாநிலங்கள் இதில் ஒரே வேகத்தில் நகரவில்லை. கோவாவில் 2024 மே மாதம் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரே தன் உயிலைப் பதிந்து தொடங்கிவைத்தார். கர்நாடக அரசு 2025 ஜனவரியில் உத்தரவு போட்டது. உங்கள் நகராட்சியில் யாரிடம் தருவது என்று நேரில் கேட்டு, தந்ததற்குக் கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள்.

## மனநலச் சட்டத்தின் நியமனப் பிரதிநிதி

மறதி நோயின் தொடக்கத்தில் இருக்கும் பெற்றோர் உள்ளவர்கள் இதைத் தவறவிட வேண்டாம். 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 14 ஆம் பிரிவு. வெள்ளைத்தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, வயது வந்த ஒருவரைத் தன் பிரதிநிதியாக நியமிக்கலாம். நோட்டரி வேண்டாம். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

பதிவு விஷயத்தில் இந்தக் காகிதம்தான் இருப்பதிலேயே வலுவானது. நோயின் விவரத்தையும் சிகிச்சையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமையைச் சட்டமே பிரதிநிதிக்குத் தருகிறது. டாக்டர் ரகசியம் காக்கும் கடமையிலும், பிரதிநிதியிடம் சொல்வதற்கு விலக்கு இருக்கிறது. பெயரில் மனநலம் என்று இருப்பதால் பலர் கூச்சப்பட்டு ஒதுக்குகிறார்கள். ஆனால் இந்தச் சட்டத்தின் வரையறையில் சிந்தனை, மனநிலை மட்டும் இல்லை, நினைவாற்றலும் இடம் காலம் அறியும் திறனும் கடுமையாகக் குலைவதும் வருகிறது.

இதன் எல்லை மனநலச் சிகிச்சையோடு முடிகிறது. அதே அம்மாவின் இடுப்பு எலும்பு முறிந்தால் ஆர்த்தோ டாக்டர் இந்தக் காகிதத்தை ஏற்கக் கடமைப்பட்டவர் இல்லை. இன்னொன்றும் உண்டு. தன்னால் முடிவெடுக்க முடியாத ஒருவரை உள்நோயாளியாகச் சேர்க்க இந்தப் பிரதிநிதிதான் விண்ணப்பம் தர வேண்டும். அந்தப் பாரத்தைத் தாங்கக்கூடியவரை நியமியுங்கள். மூத்த பிள்ளைதான் என்று கட்டாயமில்லை.

## தரவுச் சட்டத்தின் நாமினி

2023 ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இதிலும் 14 ஆம் பிரிவுதான். இறந்தாலோ, மனமோ உடலோ முடியாமல் போனாலோ நம் தரவு உரிமைகளை நமக்காகப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கலாம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. இந்த உரிமைகள் அமலுக்கு வருவது அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே.

நினைவு தப்பிய பிறகு செல்வதற்காகவே எழுதப்பட்ட ஏற்பாடு என்பதால் நான் இதை ஆவலோடு எதிர்பார்க்கிறேன். ஆனால் டிஜிட்டல் தரவுக்கு மட்டும்தான். ஸ்கேன் செய்யாத பழைய காகிதக் கேஸ் ஷீட் இதற்குள் வராது. ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும், ஒவ்வொரு லேபிலும் தனித்தனியாக நியமிக்க வேண்டியிருக்கும். சிகிச்சைக்குச் சரி சொல்லும் அதிகாரம் இதில் இல்லை.

## உயர் நீதிமன்றம்

எதுவும் எழுதாமல் ஒருவர் கோமாவில் விழுந்துவிட்டால் இது கடைசி வழி. கோமாவில் இருப்பவருக்குப் பாதுகாவலர் நியமிக்கத் தனிச் சட்டம் கிடையாது என்பதால் ரிட் மனு போட வேண்டும். கேரள உயர் நீதிமன்றம் 2019 இல் இதற்கு வழிமுறைகள் வகுத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2024 இல் ஒரு மனைவியின் மனுவைத் தனி நீதிபதி சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார். டிவிஷன் பெஞ்ச் அதை மாற்றி, அவரையே கணவருக்குப் பாதுகாவலராக நியமித்தது. சொத்தை விற்றுத்தான் சிகிச்சைச் செலவைப் பார்க்க வேண்டும் என்ற நிலையில் இதைத் தவிர வழியில்லை. வக்கீல் செலவும் மாதக்கணக்கான காத்திருப்பும் உண்டு.

## ஒரே பார்வையில்

| வழி | நினைவு தப்பிய பிறகு | பதிவு பார்க்க | சிகிச்சை முடிவு | அலைச்சல் |
|---|---|---|---|---|
| ஓடிபி | திறக்கும், அதிகாரம் இல்லை | எல்லாமே தெரியும் | இல்லை | இல்லை |
| ஒப்புதல் கடிதம் | விருப்பத்துக்குச் சான்று | எழுதிய அளவுக்கு | இல்லை | மிகக் குறைவு |
| பவர் பத்திரம் | செல்லாது | தெளிவாக இருக்கும்வரை | இல்லை | அதிகம் |
| மருத்துவ உயில் | செல்லும் | உயிலிலேயே எழுதினால் சான்று | கடைசிக்கட்டச் சிகிச்சை மட்டும் | நடுத்தரம் |
| மனநல நியமனம் | செல்லும் | சட்ட உரிமை | மனநலச் சிகிச்சையில் துணை | மிகக் குறைவு |
| தரவு நாமினி | செல்லும், 2027 மே முதல் | டிஜிட்டல் மட்டும் | இல்லை | ஒவ்வொரு இடத்திலும் |
| உயர் நீதிமன்றம் | செல்லும் | உத்தரவுப்படி | உத்தரவுப்படி | மிக அதிகம் |

## யாருக்கு எது

பெற்றோர் அறுபதுகளில், திடமாக இருக்கிறார்கள் என்றால் ஒப்புதல் கடிதத்தை இந்த வாரமே எழுதுங்கள், மருத்துவ உயிலைப் பற்றிப் பேச ஆரம்பியுங்கள். மறதி தொடங்கிவிட்டது, ஆனால் இன்னும் புரிந்து கையெழுத்துப் போட முடிகிறது என்றால் மனநல நியமனத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அன்றைக்கு அவர் தெளிவாக இருந்தார் என்று டாக்டரிடம் ஒரு குறிப்பும் வாங்குங்கள். புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு போல முடிவு தெரிகிற நோய் என்றால் மருத்துவ உயில் முதலில். பிள்ளைகள் வெளிநாட்டில் என்றால், ஊரில் இருக்கும் ஒருவர் பெயர் கட்டாயம் இருக்கட்டும். சித்தப்பாவோ அத்தையோ, கூப்பிட்டால் அரை மணியில் ஆஸ்பத்திரிக்கு வரக்கூடியவர். மனவளர்ச்சிக் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பிள்ளைக்கு 18 வயது ஆகப்போகிறது என்றால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம், 1999 ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்டக் குழுவிடம் பாதுகாவலர் விண்ணப்பம் போடுங்கள்.

அப்பா ஆறு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். பேச்சு முழுசாகத் திரும்பவில்லை. போன மாதம் அம்மா தன் காகிதங்களை எழுத உட்கார்ந்தார். ஒப்புதல் கடிதத்தில் என் பெயரையும் தம்பி பெயரையும் எழுதினார். எந்தப் பதிவு கூடாது என்ற இடம் வந்ததும் பேனாவை நிறுத்திக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஒரு பழைய லேடி டாக்டரின் பெயரை எழுதி, "இது மட்டும் யாருக்கும் வேண்டாம்" என்றார். நாங்கள் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு பிரதி குடும்ப டாக்டரிடம் இருக்கிறது, இன்னொன்று ஃபிரிட்ஜ் மேலே மாத்திரை டப்பாவுக்குள்.